தரையோடு ஓடும் ஆவி

மாடிப்படியின் உச்சியில் நின்று பார்த்தபோது கீழே இடையர்கள் குட்டையாகத் தெரிந்தார்கள்.

ஹெலன் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து தலைவலி வேறு. மழை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டு விடாத டிசம்பர் மாதத்துச் சாயங்காலம் அது. காலையில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. கீழ் நடையில், சுவரில் அடித்த பலகையின் மேல் அப்பா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எது நெட்டை, எது குட்டை என்று எப்படிச் சொல்வது? கிறிஸ்துமஸ் குடிலுக்காக அவளும் தம்பி பெஞ்சமின் என்ற பென்னியும் தெர்மாகோலை வெட்டிச் செய்த பொம்மைகள்தான். மூன்று இடையர்கள், இரண்டு ஆடுகள், சிறகு விரித்த ஒரு சம்மனசு. வர்ணம் அடிக்க நேரம் கிடைக்காமல் வெள்ளை வெளேரென்று நடையில் சுவரோரமாக நின்றிருந்தார்கள். நேற்று இடையர்கள் அவள் இடுப்புக்கு இருந்தார்கள்.

தூங்கி எழுந்த கண், அதுதான் இப்படிக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மெழுகுவர்த்தியைப் பார்த்தபோது மனசு கொஞ்சம் இளகியது. இருட்டில் அக்கா படியிறங்கித் தடுக்கி விழுந்துவிடப் போகிறாளே என்று பென்னி ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் எப்போதும் அப்படித்தான். சொல்லாமல் செய்வான்.

புதுப்பட்டினம் தாண்டி, கடலுக்குப் போகிற மண்பாதையில், சவுக்குத்தோப்பை அழித்து மனை போட்ட இடத்தில் இருந்தது அந்த வீடு. சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள். பக்கத்தில் சனி ஞாயிறுக்கு மட்டும் ஆள் வந்து போகிற ஒரு பங்களா. மழை தொடங்கியதிலிருந்து அதுவும் பூட்டிக் கிடந்தது. அப்பா ஏசுபாதம் ஊரார் நிலத்திலெல்லாம் நாற்று நட்டு, களை பறித்து, பிறகு அணுபுரத்துத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலியாகப் புல் வெட்டி, தன் பெயரில் என்று வாங்கிய ஒரே மண். சாகும்போது அதை ஹெலன் பெயருக்கு எழுதி வைத்தார். டவுன்ஷிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே அவள்தான் அதன்மேல் வீட்டைக் கட்டினாள். அம்மா போனபோது பென்னிக்கு நாலு வயசு. அவனுக்குச் சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, மீசை முளைக்கிற வரைக்கும் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டவளும் அவள்தான். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட அதற்கு இடமே வரவில்லை என்பதுதான் சரி.

மேலே அவர்கள் இருந்தார்கள். கீழே பென்னியின் கடை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து தேவனேரி வரைக்கும் ஃபைபர் படகு ரிப்பேர் செய்கிறவர்கள் அவனிடம்தான் ரெசினும் கண்ணாடி நார்ப் பாயும் வாங்கினார்கள். கை கழுவவும் பிரஷ் கழுவவும் அசிட்டோன். அது நீல டிரம்களில் வந்து இறங்கும். கடைக்கு ஷட்டர் தனி. வீட்டுக்கு வழி, கடையை ஒட்டிய குறுகலான நடை. தெருக்கதவைத் திறந்தால் நடை, நடை முடிகிற இடத்தில் மாடிப்படி. கடைக்கும் நடைக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு.

வாசனை மத்தியானம் வந்தது. நகப்பூச்சு அழிக்கிற மருந்தின் வாசனை, இனிப்பும் காரமுமாக, பழக்கடையில் ஒரு பழம் அழுகினால் வருமே அப்படி. ஹெலனுக்கு அது புதிதில்லை. பென்னியின் சட்டையில், தலைமயிரில், அவன் தொட்ட தண்ணீர்ச் சொம்பில் எல்லாம் அதுதான் இருக்கும். கடை ஆரம்பித்த புதிதில் அவள் உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டுக் காட்டினான். ஐஸ் வைத்தது போல ஜில்லென்று இருந்தது; அவள் ஊதுவதற்குள் காணாமல் போய்விட்டது. கையில் ஈரமே இல்லை, தோல் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"போச்சுன்னு நெனச்சியா? போவல. காத்துல கீது. பொகை மேரி மேல போவாதுக்கா இது. காத்தவிட கனம். தரையோட தரையா ஓடும், பள்ளம் பாத்துப் போய் உக்காந்துக்கும். எங்கியோ ஒரு நெருப்பப் பாத்துச்சுன்னா அங்கருந்து புட்சிகினு ஓடியாரும்."

"பயங்காட்டாதடா."

"பயங்காட்டல. தெரிஞ்சிக்கோ. வாசன வரலன்னா ஒண்ணும் இல்லன்னு நெனைக்காத. கொஞ்ச நேரத்துல மூக்கு செத்துப்பூடும். அது அப்டியேதான் கீது."

எவ்வளவு அக்கறை என்று அன்றைக்கு அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இன்றைக்கு வாசனை வந்தபோது அவள் கட்டிலில் படுத்திருந்தாள். லீவு போட்டது பென்னிக்குத் தெரியாதோ என்னவோ. கீழே ஏதோ கனமான பொருளை அவன் இழுக்கிற சத்தம் கேட்டது. இரும்பு சிமெண்டில் உரசும் சத்தம். பிறகு மூடி திருகும் கிறீச். அப்புறம் களக், களக், களக் என்று எதுவோ குடித்துக்கொண்டே இருப்பது போல ஒரு சத்தம், ரொம்ப நேரம். கேன்களில் நிரப்புகிறான் என்று நினைத்தாள். சத்தம் நின்றது. படியில் அவன் குரல்.

"அக்கா? மேலயா கீற?"

"ஆமாண்டா. தலவலி. லீவு போட்டுட்டேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மழை மட்டும் ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. போய்விட்டான் போல என்று அவள் கண்ணை மூடியபோது பதில் வந்தது, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல.

"சரி. தூங்கு."

அவள் தூங்கினாள்.

இப்போது எழுந்து வந்து படியுச்சியில் நிற்கிறாள். வாசனை இல்லை. டீ போடலாம் என்றால் தீப்பெட்டி கீழே பலகையில் இருக்கும். நாலு படி இறங்கினாள். அங்கிருந்து இடையர்கள் நன்றாகத் தெரிந்தார்கள்.

அவர்கள் முட்டி போட்டிருந்தார்கள்.

மூன்று பேரும். யாரும் அப்படி வெட்டவில்லை. முழங்காலுக்குக் கீழே அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. வெள்ளை உடம்புகள் தரைக்குள் இறங்கியது போல நின்றிருந்தன. ஆடுகள் வயிறு வரைக்கும் போயிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடு இடையன் சத்தமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். சாய்ந்து, சுவரில் முகத்தை வைத்து, அப்படியே வழுக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கீழே போனான். காலிருந்த இடத்தில் பால் ஏடு போல ஏதோ கூழ் பரவிக் கிடந்தது. சின்னக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் மாதிரி ஒன்று, தண்ணீரைவிட வேகமாக, நடை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஓரங்கள் காய்ந்தன. நடுவில் மறுபடி நனைந்தது. அதன்மேல் காற்று வெயில் தார்ச்சாலையில் நெளிவது போல நெளிந்தது. மழை நாளில்.

ஹெலன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

டிரம் சாய்ந்து, அசிட்டோன் ஓடி வந்து தெர்மாகோலைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. பாவம், பென்னி கவனிக்கவில்லை. கவனிக்காமல் மெழுகுவர்த்தியையும் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். அவனைக் கூப்பிட வேண்டும். உடனே. அவள் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறி அறைக்கு வந்து மேஜையைத் தடவினாள். செல்போன் இல்லை.

காலையில் அவன்தான் கேட்டு வாங்கிப் போனான். "குடு, கல்பாக்கத்துல ஃப்ரெண்டு கடைல ஜெனரேட்டர் கீது. சார்ஜ் போட்டு எட்தாறேன்." சரி. நல்லதுக்குத்தான் செய்தான்.

மொட்டை மாடிக்குப் போய்ப் பின்பக்கக் குழாயைப் பிடித்து இறங்கிவிடலாம். மாடிக் கதவின் சாவி ஆணியில் தொங்கும். ஆணி இருந்தது. சாவி இல்லை. தண்ணித் தொட்டியைப் பார்க்க எடுத்துப் போயிருப்பான். திரும்ப மாட்ட மறந்திருப்பான்.

பால்கனிக்கு ஓடினாள். பால்கனியில் கிரில். போன மாதம்தான் அவன் ஆள் வைத்து அடித்தான், தரையிலிருந்து தளம் வரைக்கும், பூனைகூட நுழைய முடியாமல். "தனியா கீற. நான் வூட்ல இல்லாத நேரம் எவனாவது ஏறி வந்தா?" என்று சொன்னான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மழை பெய்தது. சவுக்குத்தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது. ரோட்டில் ஒரு பஸ் போனது, ரொம்பத் தூரத்தில், கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டு. தொண்டை கிழியக் கத்தினாள். பங்களாவின் பூட்டு தெரிந்தது. மனைக் கற்கள் தெரிந்தன.

கத்தி முடித்து நின்றபோதுதான் அந்த மௌனம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

மேலயா கீற என்று கேட்டுவிட்டு அவன் பேசாமல் நின்ற அந்த நேரம். அப்போது டிரம் ஏற்கெனவே திறந்திருந்தது. களக், களக் சத்தம் முடிந்திருந்தது. அவள் வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தானோ? அவள் குரலைக் கேட்டதும் யோசித்திருக்கிறான். சட்டென்று முடிவுக்கு வரவில்லை, நின்று யோசித்திருக்கிறான். யோசித்துவிட்டுத் தூங்கு என்றான்.

இல்லை. சாவியைக் காலையிலேயே எடுத்துவிட்டான். போனைக் காலையிலேயே வாங்கிவிட்டான்.

ரிசார்ட்டுக்கு இடம் பார்க்கிற ராமதாஸ் என்ற ஆளோடு ஆடி மாதம் பென்னி வந்து உட்கார்ந்ததை நினைத்தாள். அப்பா வாங்கின மண்ணை விற்க மாட்டேன் என்று அவள் சொன்னாள். அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. "அப்ப வுடுக்கா" என்று சிரித்தான். அன்று ராத்திரி அவளுக்குத் தோசை வார்த்துப் போட்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவ்வளவு பாசமாக இருந்தான் அதற்கப்புறம்.

அவள் அழவில்லை. மறுபடி படிக்கு வந்தாள்.

மெழுகுவர்த்தி மாறியிருந்தது. சுடர் நீண்டிருந்தது. பாதி விரல் நீளம் இருந்தது, இப்போது முழு விரல் நீளம். அதைச் சுற்றி, மேலே, இன்னொரு சுடர். நீலம். கண்ணை இடுக்கினால்தான் தெரிகிற வெளிறிய நீலம், தலையில் போட்ட முக்காடு மாதிரி. சுடர் ஆடும்போது முக்காடு பின்தங்கி ஆடியது. தொட்டி நிரம்புவது போல கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவி தரையிலிருந்து நிரம்பிக்கொண்டே வந்து பலகையைத் தொட்டுவிட்டது. இன்னும் கொஞ்சம்தான்.

மேலே இருந்தால் எரிவாள். கீழே போனால் நடக்கிற வேகத்தில் ஆவி கலைந்து சுடரில் ஏறும். பாலியெஸ்டர் நைட்டி வேறு. ஒருநாள் அதைத் தலைவழியே கழற்றும்போது படபடவென்று பொறி பறந்ததை அவள் சொன்னதும், இத்தப் போட்டுகினு கடைக்குள்ள வராதக்கா என்று சொல்லியிருக்கிறான். உயிரோடு இருக்கத் தேவையான எல்லாவற்றையும் அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

குளியலறை வாளியைத் தூக்கித் தலையோடு ஊற்றிக்கொண்டாள். இன்னொரு தடவை. நைட்டி உடம்போடு ஒட்டியது. வெறுங்கால். படியுச்சியில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

மெதுவாக. தண்ணீர் ததும்பாமல் குடம் சுமப்பது போல மெதுவாக. ஒரு படி. இன்னொரு படி. சுவரைத் தொடவில்லை. கைப்பிடியைத் தொடவில்லை. முழங்காலுக்கு வந்தபோது ஜில்லென்றது. கண்ணுக்குத் தெரியாத குளத்துக்குள் இறங்குகிறாள். தொடை. இடுப்பு. கண் எரிந்தது. கண்ணீர் தானாக வழிந்தது.

கடைசிப் படி. கால் வைத்தாள். ஐஸ். உள்ளங்கால் முழுக்க ஐஸ். அடுத்த காலைக் கூழில் வைத்தாள். அது சம்மனசு. சிறகு மட்டும் மிதந்தது. கூழ் காலை விடவில்லை. இழுத்தால் நூல் நூலாகக் கூடவே வந்தது. பிய்த்துக்கொள்ளப் பயம். சாய்ந்து கிடந்த இடையனின் முகம் அவள் கணுக்காலில் உரசியது. மூக்கு இல்லை. வாய் இருந்தது. அவள் வெட்டிய வாய்.

மூச்சு முடிந்துகொண்டிருந்தது.

சுடர் அவள் முகத்துக்கு நேரே. நீல முக்காடு பெரிதாகியிருந்தது. படத்தில் அப்பா முகமே நீலமாகத் தெரிந்தது. ஊதக் கூடாது. விசிறக் கூடாது. ஈர விரல் இரண்டை மேலிருந்து கொண்டுபோனாள். நடுங்கக் கூடாது. திரியைப் பிடித்தாள்.

சுர்ர்.

இருட்டு.

ஒன்றும் நடக்கவில்லை.

அவள் மூச்சு விட்டாள். இழுத்தாள். இழுத்ததும் தலைக்குள் ஏதோ கழன்று சுற்றியது. வாயில் இனிப்பு. சுவரும் தரையும் இடம் மாறின. தெருக்கதவின் அடியில், உப்புக்காற்று பலகையை அரித்துத் தின்ற இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வெளிச்சம். அதை நோக்கி நடந்தாள். கதவைத் தள்ளினாள். கதவு அரை விரலுக்கு அசைந்தது. வெளியே பூட்டு மரத்தில் மோதியது. டொக்.

தள்ளினாள். டொக்.

பிறகு அந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு நிழல்கள் விழுந்தன. பக்கத்தில் பக்கத்தில். இரண்டு கால்கள்.

அவை எப்போது வந்தன என்று தெரியவில்லை. மழைக் கோட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு மூச்சு கேட்டது. தூங்குகிறவனின் மூச்சு போல நிதானமாக. அந்த மூச்சின் பக்கத்தில் எத்தனையோ வருஷம் படுத்திருக்கிறாள்.

"பென்னி?"

கதவுப் பலகையோடு வாயை வைத்தாள்.

"பென்னி, அக்காடா. மெழுகுவத்தி அணைஞ்சிப் போச்சு. ஒண்ணும் ஆவல. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். கதவத் தொற."

சொட்டு. சொட்டு.

"நீயா அணைச்ச?"

குரலில் கோபம் இல்லை. பால் பாத்திரத்தை மூடியது யார் என்று கேட்பது போல இருந்தது.

"ஆமாண்டா. தொறடா. மயக்கமா வருது."

மழைக் கோட்டின் பொத்தான் ஒன்று கழன்றது. கை உள்ளே போகிற சரசரப்பு. பிறகு அந்தச் சத்தம். பாதிக் குச்சிகள் உள்ள தீப்பெட்டி. அவன் அதைக் காதருகே குலுக்கிப் பார்ப்பான், சின்ன வயசிலிருந்து.

ஹெலன் கதவைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள். உட்கார்ந்துவிட்டாள், அந்த ஐசில். இப்போது கண் கதவிடுக்குக்கு நேராக இருந்தது. எல்லாம் தெரிந்தது. போர்ட்டிகோவின் சிமெண்ட் தரை. அவனுடைய ரப்பர் செருப்புகள். கால் விரல்கள்; பெருவிரல் நகம் கறுத்திருந்தது, படகு விழுந்து நசுங்கியது, அவள்தான் மஞ்சள் பத்து போட்டாள். அவளைத் தாண்டி, கதவடி வழியாக, அது வெளியே ஓடிக்கொண்டிருந்தது. மினுமினுவென்று. அவன் செருப்பைச் சுற்றிக்கொண்டு. அவன் குனிந்து பார்க்கவில்லை. அவனுக்கும் மூக்கு செத்திருந்தது.

குச்சியைப் பெட்டியில் வைத்து அழுத்துகிற சத்தம்.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். ரோட்டைக் கடக்கிற பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுக்கிற கை யோசிப்பதில்லை. வாய் தானாகக் கத்தியது.

"டேய் பென்னி! உன் காலாண்ட ஓடுதுடா! அதுமேலதான் நின்னுகினு கீற! தள்ளிப் போ! தள்ளிப் போடா!"

குச்சி நின்றது.

செருப்புகள் அசையாமல் இருந்தன. அப்புறம் ஒன்று தூக்கப்பட்டது. சொட்டியது. பின்னால் வைக்கப்பட்டது. அப்புறம் மற்றொன்று. கோடு முழுக்க மறுபடி வெளிச்சம். ஈரத் தரையில் கால்கள் பின்பக்கமாகவே போகிற சத்தம். போர்ட்டிகோவைத் தாண்டி. சரளைக்கல்லில். இன்னும் தள்ளி.

நின்றது.

"சரிக்கா" என்றது குரல், தூரத்திலிருந்து.

மழை விட்டிருந்தது. இடுக்கின் கடைசியில், கேட்டுக்குப் பக்கத்தில், ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்வது தெரிந்தது. கைகளைக் குவித்து எதையோ காற்றுக்கு மறைத்தான். குவித்த கைக்குள் சின்னதாக மஞ்சளாக ஒன்று பூத்தது. அணையாமல் நிலைத்தது. அதை அவன் பதனமாக, விளக்கு வைப்பது போலத் தரைக்குக் கொண்டுபோனான்.